மாரிக்குப்பம் ரயிலுக்கு ஒரு பாட்டில்

தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கத்து லைன் வீடுகளில் விடிய வெகுநேரம் இருக்கும்போதே அடுப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயல்காரர்களில் பலருக்கு வேலை பெங்களூரில்தான். மாரிக்குப்பத்தில் கிளம்பி சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று பங்காரப்பேட்டை வழியாகப் போகிற ரயில்கள் ஆயிரக்கணக்கானவர்களை அள்ளிக்கொண்டு போகின்றன. போக ஏறத்தாழத் தொண்ணூறு கிலோமீட்டர், திரும்பத் தொண்ணூறு. சித்தாள் வேலை, தையல் ஆலை, வாட்ச்மேன் வேலை, ஹவுஸ்கீப்பிங், கம்ப்யூட்டர் கம்பெனி என்று வேலைகள் வேறுவேறு. வாசலைத் தாண்டினால் மறுபடி வீட்டுக்குள் கால் வைக்கப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் ஆகும் என்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

இவ்வளவு நேரத்துக்கும் குடிக்க என்ன கொண்டுபோவது? கேள்வி சின்னதுதான், மாதக் கணக்கில் பார்த்தால் சின்னதாக இல்லை. ரயில்வேயின் சொந்தத் தண்ணீரான ‘ரயில் நீர்’ லிட்டர் 15 ரூபாயாக இருந்து 2025 செப்டம்பரில் 14 ஆனது. நாளுக்கு இரண்டு பாட்டில், மாதம் 25 நாள் வேலை என்றால் வெறும் தண்ணீருக்கே 700 ரூபாய். குளிர்பானம், பழரசம் என்று போனால் கணக்கே வேறு. வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு போவதுதான் வழி. எதை நிரப்புவது என்பதில் ஆளுக்கொரு நம்பிக்கை: ஒருவருக்கு மோர், ஒருவருக்கு எலுமிச்சை, இன்னொருவருக்குக் குளுக்கோஸ் மாவு. இந்த நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். வீட்டிலிருக்கிற எடைக்கருவி, தேக்கரண்டி, கடிகாரம் இவையே போதும்.

முதலில் எடைக்கருவி. எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை நாக்கு சரியாகச் சொல்வதில்லை. உடம்பின் எடை சொல்லும். வேலைக்கு முன் ஒருமுறை, வேலை முடிந்து வியர்வையைத் துடைத்துவிட்டு ஒருமுறை, மெல்லிய உடையோடு எடை பார்க்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் குறைகிற ஒரு கிலோ என்பது கிட்டத்தட்ட முழுக்கவும் ஒரு லிட்டர் தண்ணீர். காலையில் 58 கிலோ, வேலை முடிந்ததும் 57.2, நடுவில் ஒரு லிட்டர் குடித்தாயிற்று என்றால் உடம்பிலிருந்து போனது 1.8 லிட்டர். சாப்பாட்டைக் கூட்டி, கழித்ததைக் கழித்தால் கணக்கு இன்னும் துல்லியமாகும். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவரும் மூன்றாம் மாடிக்குச் செங்கல் சுமக்கிறவரும் ஒரே ரயிலில் வந்திருக்கலாம். இந்தக் கணக்கில் இருவருக்கும் பல மடங்கு வித்தியாசம் வரும். முன்னவருக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் தேவையில்லை. உப்புப் போட்ட பானமோ சர்க்கரைப் பானமோ அவருக்கு அநாவசியம். ரத்த அழுத்தமோ நீரிழிவோ இருந்தால் கெடுதலும்கூட.

செங்கல் சுமப்பவரின் கதை வேறு. ஒரு லிட்டர் வியர்வையோடு சராசரியாக இரண்டு, இரண்டரை கிராம் உப்பும் வெளியேறுகிறது. ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். வெயிலுக்குப் பழகாத உடம்பு அதிகமாக உப்பை விடும். பத்துப் பதினான்கு நாள் வெயிலில் உழைத்தபின் வியர்வைச் சுரப்பிகள் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கின்றன. கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் நீங்கள் உப்பை அதிகம் இழக்கிற ரகம்.

வியர்வையோடு உப்பும் போகிறது, வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி அதை ஈடுகட்ட முடியாது என்பதை மருத்துவம் கற்றுக்கொண்டது சுரங்கங்களிலும் நீராவிக் கப்பல்களின் கொதிகலன் அறைகளிலும்தான். நிலக்கரி அள்ளிப் போடும் கப்பல் தொழிலாளர்களுக்கும் ஆழ்ந்த சுரங்கங்களில் வேலை செய்தவர்களுக்கும் திடீரென்று கை, கால், வயிற்றுத் தசைகள் முறுக்கிக்கொண்டு பிடித்துவிடும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தவர்களுக்கே அது அதிகம் வந்தது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்த நெவில் மாஸ் 1923-ல் காரணத்தை எழுதினார்: உப்பு வெளியே போகிறது, வெறும் தண்ணீர் உள்ளே வருகிறது, ரத்தத்தில் மீதமிருக்கும் உப்பும் நீர்த்துப்போகிறது. குடிநீரில் கொஞ்சம் உப்பைக் கலந்ததும் பிடிப்பு குறைந்தது. 1930-களில் அமெரிக்காவில் ஹூவர் அணை எழுந்துகொண்டிருந்தபோது ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக் களைப்பு ஆய்வகத்தினர் அங்கே போய் அந்தப் பாலைவன வெயிலிலும் இதையே கண்டார்கள்.

இந்த விஷயம் தங்கவயலுக்கு அந்நியமானதல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நந்திதுர்க் சுரங்கம் அவ்வளவு ஆழமில்லை, ஆனால் அங்கேயும் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கியவர்கள் சூட்டோடுதான் மல்லுக்கு நின்றார்கள். அங்கே உண்மையான எதிரி சூடு மட்டுமல்ல, ஈரமும். வியர்வை ஆவியானால்தான் தோல் குளிரும். ஈரப்பதம் நிறைந்த காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. குளிர்ச்சி கிடைக்காது, உப்பும் தண்ணீரும் மட்டும் நஷ்டம். அதனால்தான் சுரங்கச் சட்டம் சாதாரண வெப்பமானியை நம்புவதில்லை. 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க விதிமுறைகள், குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவைத்தான் கேட்கின்றன. வேலை நடக்குமிடத்தில் அது 33.5 டிகிரியைத் தாண்டக்கூடாது; 30.5-ஐத் தாண்டினாலே நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்திலாவது காற்று ஓட வேண்டும்.

தாத்தா பூமிக்குள் செங்குத்தாக இறங்கினார், பேரன் கிடைமட்டமாக ரயிலில் போகிறான். பேரன் சந்திக்கிற சூடு வேறு மாதிரியானது. மார்ச், ஏப்ரலில் இந்த மேட்டுநிலத்துக் காற்று வறண்டிருக்கும். வியர்த்த நொடியே காய்ந்துவிடுவதால், “எனக்கு வியர்ப்பதே இல்லை” என்று சொல்வார்கள். எடைக்கருவி வேறு கதை சொல்லும்.

அதே வறண்ட காற்றைப் பாட்டிலைக் குளிர வைக்கவும் பயன்படுத்திக்கொள்ளலாம். சில்வர் பாட்டிலில் நனைந்த துணியைச் சுற்றி ஜன்னலோரம் காற்றுப்படும்படி வைத்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீரை 32 டிகிரியிலிருந்து 24-க்கு இறக்க ஏறத்தாழ 34 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2.4 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகிறது. ஆகவே கோட்பாட்டளவில் 14 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டித் தண்ணீர் ஆவியானாலே வேலை முடிந்தது. காற்றிலிருந்தும் வெப்பம் வந்துகொண்டிருப்பதால் நடைமுறையில் அதைப்போலப் பல மடங்கு செலவாகும். துணியை இடையிடையே நனைக்க வேண்டும். காற்று 34 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் பாட்டில் 21, 22 டிகிரி வரை இறங்கலாம். அதற்குக் கீழே எவ்வளவு விசிறினாலும் போகாது. ஈரத்துணி வெப்பமானி காட்டுகிற அளவும் அதுதான். ஜூலை, ஆகஸ்டில் மழைக்காற்று அடிக்கும்போது இந்தத் தந்திரம் பலிக்காது.

இனி பாட்டிலுக்குள் என்ன என்பதைப் பார்ப்போம். உப்பு வேண்டும் என்றால் வெறும் உப்புத் தண்ணீர் போதாதா, சர்க்கரை எதற்கு? இதற்குப் பதில் சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. அங்குள்ள ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-ல் முன்வைத்த இந்த விளக்கத்தின் மேல்தான் உப்புச் சர்க்கரைக் கரைசல் நிற்கிறது. 1971-ல் வங்காள அகதிகள் வந்து குவிந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்களில் கலந்து வாய்வழியாகக் கொடுத்து ஏராளமானோரைக் காப்பாற்றினார்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய கணக்கில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட். வீட்டுக் கணக்கில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை. தேக்கரண்டி தலைதட்டியதாக இருக்க வேண்டும். சமையலில் கை அளவு சரியாக வரும் என்பவர்கள்கூட இங்கே கரண்டியை எடுப்பது நல்லது. கலந்ததும் ருசி பாருங்கள்: கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். சர்க்கரையும் கூடினால் ஆபத்து. குடலுக்குள் கரைந்த துகள்கள் ரத்தத்தில் இருப்பதைவிட நெருக்கமாகிவிட்டால், தண்ணீர் உள்ளே போவதற்குப் பதில் உடம்பிலிருந்து குடலுக்குள் வந்து சேரும். 100 மில்லிலிட்டருக்குப் பத்து, பதினொரு கிராம் சர்க்கரை உள்ள குளிர்பானம் தாகத்துக்கு ஆகாமல் போவதற்கு இது ஒரு காரணம். குளுக்கோஸ் மாவு என்று விற்பதில் உப்பு பெயருக்குத்தான் இருக்கும். பெட்டியில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்ற இனிப்புப் பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவிட்டது. ரொம்பத் தாமதம் என்பது என் எண்ணம்.

ஆனால் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு வயிற்றுப்போக்கு மருந்து தேவையில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பழக்கமாகக் குடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஊறுகாயோடு ஒரு வேளை சோறு சாப்பிட்டாலே இரண்டு மூன்று கிராம் உப்பு சேர்ந்துவிடும். நாள் முழுக்க வியர்க்கிறவருக்கு வேண்டியது, சாப்பாட்டுக்கு நடுவே மெல்ல மெல்லக் குடிக்கக்கூடிய, லேசாக உப்புள்ள, கொஞ்சம் மாவுச்சத்துள்ள ஒன்று. அது பல வீடுகளில் வடிதட்டின் கீழேயே இருக்கிறது.

கஞ்சித் தண்ணீரின் சூட்சுமம் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு கரைசல் தண்ணீரை எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பது கரைந்த பொருளின் எடையல்ல, துகள்களின் எண்ணிக்கை. மாவுச்சத்து மூலக்கூறு ஒன்றில் ஆயிரக்கணக்கான குளுக்கோஸ்கள் கோத்திருந்தாலும் கணக்கில் அது ஒரே துகள். குடலின் நொதிகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்க உடைக்க, அந்தச் சோடியம்-குளுக்கோஸ் வாசலில் குளுக்கோஸ் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். நெரிசலும் இல்லை, பஞ்சமும் இல்லை. அரிசி மாவில் செய்த கரைசல் காலரா நோயாளிகளுக்குக் குளுக்கோஸ் கரைசலைவிட நன்றாக வேலை செய்வது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

இன்னும் சுவையான பகுதி, தங்கவயல்காரர்கள் பெரிய வைத்தியம் என்றால் ரயிலேறும் வேலூரிலிருந்து வருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் குழுவினரும் 2000-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுகுடலில் செரிக்காமல் தப்பிப் போகிற ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தை உப்புக் கரைசலில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தபோது அவர்கள் இழந்த நீரின் அளவு குறைந்தது, நோயும் சீக்கிரம் நின்றது. செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போகிறது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைத் தின்று சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன, அந்த அமிலங்கள் பெருங்குடலும் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவுகின்றன. சோறு வெந்து ஆறும்போதும் மாவுச்சத்தின் ஒரு பகுதி இப்படிச் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. இதை வைத்து நீராகாரம் சகல நோய்க்கும் மருந்து என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. காலரா நோயாளிக்குக் கொடுத்த அளந்த மருந்து வேறு, பழைய சோற்றுப் பானை வேறு. செலவில்லாமல் நீரும் உப்பும் மெல்லச் சேரும் சக்தியும் தருகிற பானம் என்று நீராகாரத்தைச் சொல்லலாம், அதற்கே அது தகுதியானது. கேழ்வரகுக் கூழைக் கரைத்து எடுத்துப்போனால் சுண்ணாம்புச் சத்தும் கூடுதலாகக் கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறது.

ருசியும் சத்தும் சரியாக இருந்து, மத்தியானத்துக்குள் கெட்டுப்போனால் என்ன பயன்? ஆகவே கடிகாரச் சோதனை. விடுமுறை நாளில், வழக்கமாகக் கிளம்பும் நேரத்துக்கே பாட்டிலை நிரப்பி, ஃப்ரிட்ஜில் வைக்காமல் வீட்டிலேயே சூடான மூலையில் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து மோந்து பார்த்து ஒரு வாய் ருசித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மோர் புளித்துக்கொண்டே போகும். அதிலுள்ள பாக்டீரியாக்களுக்கு 40 டிகிரிக்கு அருகே கொண்டாட்டம். பத்து டிகிரி குறைத்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். புளிப்பு கெடுதல் அல்ல, பல கெட்ட கிருமிகளை அண்டவிடாமல் வைப்பதே அந்த அமிலம்தான். ஆனால் மேலே தூவுகிற பச்சைக் கொத்தமல்லி வேறு கிருமிகளைக் கொண்டுவரும். தாளித்துக் கொட்டுவது எடுத்துப்போகும் மோருக்கு நல்லது. புளிக்காத வடிகஞ்சியில்தான் எச்சரிக்கை தேவை. அரிசியில் ஒட்டியிருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் சில மணி நேரம் கிடந்தால் முளைத்து, மறுபடி சுட வைத்தாலும் அழியாத நச்சை உண்டாக்கும். கஞ்சியை மத்தியானத்துக்குள் குடித்துவிட வேண்டும், அல்லது ஒரு கை மோரை ஊற்றிப் புளிப்போடு கிளம்ப வேண்டும்.

எலுமிச்சைச் சாறு கெடுவதில்லை, கசக்கிறது. காலையில் பிழிந்தபோது நன்றாக இருந்தது பெங்களூரின் ஒயிட்ஃபீல்டு போவதற்குள் கசந்தால் பழத்தைக் குறை சொல்ல வேண்டாம். எலுமிச்சை வகைப் பழங்களின் விதையிலும் தோலுக்கடியில் உள்ள வெள்ளைச் சவ்விலும் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. சாற்றின் அமிலத்தில் ஊற ஊற அது லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. அழுத்திப் பிழியாமல், விதையை வடிகட்டிவிட்டால் கசப்பு வெகுவாகக் குறையும். எலுமிச்சையும் மோரும் பித்தளை, செம்புப் பாத்திரங்களை அரித்துச் செம்பைக் கரைக்கும். இவற்றுக்கு எவர்சில்வரே சரி.

ஃபிளாஸ்க் விஷயத்தில் ஒரு தப்பெண்ணம் உண்டு. அது குளிர்விக்கிற கருவி அல்ல. வைத்த நிலையிலேயே வைத்திருக்கிற கருவி. வெதுவெதுப்பான மோரையோ கஞ்சியையோ அதில் ஊற்றி மூடுவது பாக்டீரியாவுக்குத் தொட்டில் கட்டுவதைப் போல. நன்றாகக் குளிர்ந்ததை ஊற்றுங்கள், இல்லையென்றால் சாதாரண பாட்டிலும் ஈரத்துணியுமே மேல். புளிக்கிற கூழை விளிம்பு வரை நிரப்பி இறுக்கித் திருகினால் உள்ளே வாயு சேர்ந்து, திறக்கும்போது எதிர்சீட்டுக்காரர் சட்டைக்கும் பங்கு கிடைக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் தண்ணீர் இருக்கிறது. ஒரு காலத்தில் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து சுரங்க ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. இப்போது பலருக்கு ஆழ்துளைக் கிணறுதான் கதி, கோலார் மாவட்டத்தின் நிலத்தடி நீரிலோ ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரம். அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல் கறைபடும், எலும்பு இறுகும். சிலர் டி.டி.எஸ். மீட்டரை முக்கி எண்ணைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். அது தண்ணீரின் மின்கடத்துத் திறனை அளந்து மொத்த உப்பைக் கணிக்கிற கருவி. அந்த உப்பில் ஃபுளோரைடு எவ்வளவு என்றோ, கிருமி இருக்கிறதா என்றோ சொல்லாது. காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு சாகாது, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். நகராட்சி அல்லது மாவட்ட நீர் ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிட்டு, தேவைப்பட்டால் ஆர்.ஓ. நிலையத்துத் தண்ணீரைக் கேனில் பிடித்து அதில் மோரோ கஞ்சியோ கரைத்துக்கொள்வது நல்லது. உடம்புக்கென்று எடுத்துப்போகிற பானத்தை நாள்தோறும் இரண்டு லிட்டர் குடிக்கும்போது, தண்ணீரில் உள்ளதும் அதே அளவில் உள்ளே போகிறது.

பங்காரப்பேட்டையில் வாங்குகிற டீயைப் பற்றியும் கேட்பார்கள். டீ குடித்தால் தண்ணீர் வற்றும் என்பதில் பெரிய உண்மையில்லை; தினம் குடித்துப் பழகியவர்களுக்கு டீயிலுள்ள தண்ணீர் அநேகமாக முழுதும் கணக்கில் சேரும். இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் கொஞ்சம்தான். வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம் என்பதால் ஒரு சிட்டிகை உப்போடு குடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர்ப் பக்கம் போகக் கூடாது. கரும்புச் சாற்றைவிட அதில் மிதக்கும் ஐஸ் எங்கிருந்து வந்தது என்பதே கவலைக்குரியது.

கடைசியாகக் கவனிக்க வேண்டியது மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம். மோர் ஊற்றிய பாட்டிலை எவ்வளவு கழுவினாலும் மறுநாள் வாடை அடிப்பது பெரும்பாலும் அதனால்தான். வளையத்தின் அடியில் கொழுப்பும் புரதமும் படிந்து, பாக்டீரியாக்கள் அதற்குமேல் கெட்டியான படலம் கட்டிக்கொள்கின்றன. கத்தி முனையால் வளையத்தைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிநீரில் சற்றுப் போட்டு, தனியாகக் காய வைத்து மாட்ட வேண்டும். வாய் குறுகிய பாட்டிலில் கை நுழையாது, பிரஷும் அடிவரை போகாது. வாங்கும்போதே அகன்ற வாயாகப் பார்த்து வாங்கலாம், அந்த இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.